பெஞ்சமின் பிராங்க்ளினும் அன்றாடப் படிப்பும்

கல்வியின் பெருமையைப் பேசாதார் உலகில் இலர். ஆயினும் கற்பதற்குப் பொழுதில்லை என்று சொல்லாதாரும் அரியர். கடை வைத்திருப்பவர் கடையைக் காட்டுகின்றனர். உழவர் வயலைக் காட்டுகின்றனர். உத்தியோகத்தில் அமர்ந்தவர் தம் மேசைமீது குவிந்த காகிதங்களைக் காட்டுகின்றனர். இவர்கள் கூறுவது முற்றும் பொய்யன்று. ஒரு பெரிய நூலைத் தொடக்கமுதல் ஈறுவரை ஒரே மூச்சில் கற்கும் ஓய்வு உழைத்துண்பார்க்கு வாய்ப்பதில்லை. ஆனால் நாளொன்றுக்கு நான்கு பக்கம் படிப்பு, அதனைக் குறித்து அரை நாழிகைச் சிந்தனை என்னும் இவ்வளவிற்கும் இடமில்லாத வாழ்வு ஒன்றும் இல்லை என்பதே நம் துணிபு. அச்சிறு படிப்பே ஒருவனுக்கு மாந்தர் இயல்பை அறியும் கண்ணையும், காரியம் முடிக்கும் உபாயத்தையும் அளிக்கவல்லது என்பதற்குச் சான்றாக, அமெரிக்கா தேசத்துப் பெரியார் பெஞ்சமின் பிராங்க்ளின் அவர்களின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

பிராங்க்ளின் என்ற பெயரைக் கேட்ட அளவிலே, 1752-ஆம் ஆண்டில் காற்றாடியைப் பறக்கவிட்டு மின்னலின் இயல்பை ஆராய்ந்தவர் என்பதும், கட்டடங்களைக் காக்கும் இடிதாங்கியைக் கண்டவர் என்பதும் பள்ளிச் சிறுவர்க்கும் நினைவிற்கு வரும். அமெரிக்கா சுதந்தரம் பெற உழைத்த தலைவர்களுள் ஒருவர் என்பதும் யாவரும் அறிந்ததே. மின்சாரத்தை ஆராய்ந்த அதே கண்கொண்டு அவர் மனித சுபாவத்தையும் ஆராய்ந்தார் என்பதும், அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கருவியை வேலைக்கு நடுவே தினந்தோறும் சிறிது சிறிதாகப் படித்த படிப்பினின்றும் பெற்றார் என்பதும் அத்துணைப் பரவிய செய்திகள் அல்ல. ஆதலின் அவற்றையே நாம் இங்கு விரித்துரைப்போம்.

இவர் 1706-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ஆம் நாள், அக்காலத்தில் ஆங்கிலேயர் குடியேற்றமாயிருந்த பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோசையா இங்கிலாந்தினின்றும் வந்து குடியேறியவர். கொழுப்பை உருக்கி மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். இரு மனைவியரிடத்தும் அவருக்குப் பிறந்த மக்கள் 17 பேர். அவர்களுள் நம் பிராங்க்ளின் பதினைந்தாமவர். ஆண்மக்களுள் கடைசிப் பிள்ளை. எட்டாம் வயதில் பள்ளிக்கு அனுப்பப்பெற்ற இவர், பத்தாம் வயதிலேயே கடைக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். திரி வெட்டுவதும், அச்சுகளில் கொழுப்பை வார்ப்பதும், ஏவிய வேலைகளுக்கு ஓடுவதுமே இவர் தொழில். அத்தொழிலில் இவருக்கு மனம் செல்லவில்லை. கடலோடிப் பிழைக்கவே ஆசைப்பட்டார். தந்தையார் அதனை அறிந்தும் அவசரப்படாமல், மகனைக் கையோடு அழைத்துச் சென்று தச்சர், கொத்தர், கடைசல்காரர், கன்னார் ஆகியோர் வேலை செய்யும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, பிள்ளையின் நாட்டம் எதன்மேல் நிலைக்கின்றது என்று கவனித்து வந்தார். ஒருவரை வழிப்படுத்துவதற்கு முன் அவர் விருப்பத்தைக் கண்டறிதல் வேண்டும் என்னும் முதற் பாடம் இவ்வாறு வீட்டிலேயே கிடைத்தது.

பிள்ளையின் நாட்டமோ புத்தகத்தின்மீதே நின்றது. கையில் விழுந்த சிறு காசெல்லாம் புத்தகமாயிற்று. முதலில் ஜான் பன்யன் எழுதிய நூல்களை வாங்கினார். அவற்றைப் படித்து முடித்தபின் விற்றுச் சிறு சிறு சரித்திர நூல்களை வாங்கினார். தந்தையார் வைத்திருந்த நூல்களிற் பெரும்பாலான சமயவாதத் தர்க்கங்கள். அவற்றிடையே புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதிய பெரியோர் சரிதங்களும் கிடந்தன. கிரேக்க, ரோமானியத் தலைவர்களை இணை இணையாக நிறுத்தி, இன்னார் இன்ன குணத்தால் உயர்ந்தார், இன்ன குற்றத்தால் வீழ்ந்தார் என்று காட்டும் நூல் அது. அதனைப் படிப்பதிற் கழிந்த காலம் வீணாகவில்லை என்று பிராங்க்ளின் முதுமையிலும் கருதினார்.

புத்தகப் பித்துள்ள பிள்ளைக்கு அச்சுத் தொழிலே தகும் என்று துணிந்த தந்தையார், 1718-ஆம் ஆண்டில், 12 வயதான இவரை இவர் தமையன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் 21 வயதுவரை தொழில் பயிலும்படி ஒப்பந்தம் எழுதிச் சேர்த்தார். அங்கே இவருக்குக் கிடைத்த ஓய்வு எவ்வளவு? பகல் முழுவதும் எழுத்துக் கோத்தலும் அச்சடித்தலும். ஆயினும் புத்தகக் கடைகளில் வேலை பார்த்த பையன்களோடு நட்புக்கொண்டு, மாலையில் ஒரு நூலை இரவல் வாங்கி, இரவிலே விழித்திருந்து படித்து, குறைவு தெரியாதபடி விடியற்காலையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏறக்குறையப் பதினாறாம் வயதிற் புலால் உண்பதை விடுத்தார். தம் உணவுக்காகத் தமையனார் செலவிடும் பணத்திற் பாதியைத் தம் கையிற் கொடுத்தால் தாமே உணவு தேடிக்கொள்வதாகக் கூறினார், தமையனாரும் இசைந்தார். அப்பாதியிலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகம் வாங்கினார். மற்றவர்கள் நண்பகல் உணவுக்குச் சென்றபின், ஒரு துண்டு ரொட்டியும் ஒரு பிடி உலர்ந்த திராட்சையும் தண்ணீருமே உணவாகக் கொண்டு, வெறுமையாய்க் கிடக்கும் அச்சுக்கூடத்தில் அமர்ந்து படிப்பார். பணமும் பொழுதும் ஒரே உபாயத்தால் இவர்க்குக் கிடைத்தன.

இவர் படித்த முறையை நம் இளைஞர் சிறிது ஊன்றி நோக்குதல் நலம். லண்டன் நகரில் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் என்னும் பத்திரிகையின் கட்டுரைத் தொகுதி ஒன்று தற்செயலாக இவர் கையில் அகப்பட்டது. அதில் ஒரு கட்டுரையை எடுத்து, வாக்கியந்தோறும் அடங்கிய கருத்தை இரண்டொரு சொல்லாற் குறித்துக்கொள்வார். சில நாள் அதனை மறந்திருப்பார். பிறகு மூல நூலைப் பாராமல், குறிப்பை மட்டும் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களால் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவார். சிலவற்றைச் செய்யுளாக்கி, சில காலங்கழித்து மீண்டும் உரைநடையாக்குவார். சில வேளைகளிற் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, எது முன் எது பின் என்று தாமே அடுக்கிப் பார்ப்பார். ஒரு சிறு கட்டுரை இவ்வாறு பலநாள் ஆசிரியனாயிற்று. பல நூல்களைப் புரட்டி ஒன்றையும் செரித்துக்கொள்ளாத படிப்பிற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, பலவற்றைக் கொறித்தலுக்கும் ஒருவேளை உண்டு பசியாறுதலுக்கும் உள்ளது.

அக்காலத்திலேயே, ஓர் இலக்கண நூலின் இறுதியிலே சாக்ரட்டீஸ் என்னும் கிரேக்க ஞானியின் வாத முறைக்கு எடுத்துக்காட்டு ஒன்றைக் கண்டார். பின்னர், ஸெனபன் அந்த ஞானியைப் பற்றி எழுதிய நூலையும் தேடிப் படித்தார். அதுவரை எதிர்ப்பட்டவரோடெல்லாம் நேருக்கு நேர் மல்லுக்கு நின்று வாதித்தவர், இப்பொழுது ஒன்றுமறியாதார் போலப் பணிவோடு வினாக்களை அடுக்கி எதிரியை மடக்கப் பழகினார். வெற்றிகள் குவிந்தன, தம்மினும் அறிவிற் சிறந்தவர்களும் சிக்கிக்கொண்டனர். ஆனால் அவ்வெற்றிகளால் ஒருவரும் தம் கருத்தை மாற்றிக்கொண்டிலர். தோற்றவர் உள்ளத்திற் கசப்பே எஞ்சிற்று. சில ஆண்டுகளில் இதனை உணர்ந்த பிராங்க்ளின், அம்முறையை விடுத்து, அதன் பணிவான மொழியை மட்டும் வைத்துக்கொண்டார். ஐயமின்றி, நிச்சயமாக என்னும் சொற்களை நீக்கி, இவ்வாறு எனக்குத் தோன்றுகிறது என்னும் அளவிலே பேசுவதை வாழ்நாள் முழுதும் வழக்கமாக்கினார். நூலிற் படித்த உபாயத்தை உலகிற் செலுத்திப் பார்த்து, பயன் தந்த பகுதியை மட்டும் கொள்ளுதல் இவரது கல்வியின் தனித்தன்மை.

நூல் கற்பிக்காததை உலகமும் கற்பித்தது. 1723-ஆம் ஆண்டில், 17-ஆம் வயதில், தமையனாரோடு மனம் வேறுபட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் பிலடெல்பியா நகரத்திற்கு ஓடிவந்தார். அம்மாகாணத்துக் கவர்னராயிருந்த வில்லியம் கீத் இவரை மெச்சி, தனி அச்சுக்கூடம் வைத்துத் தருவதாகவும், லண்டனிற் கருவிகள் வாங்குதற்குக் கடிதங்கள் தருவதாகவும் வாக்களித்தார். அதனை நம்பி 1724-இல் இவர் கப்பலேறினார். லண்டனை அடைந்தபின், கடிதம் ஒன்றும் வரவில்லை என்பதும், கவர்னரின் சொல்லைக் கடனுக்கு ஈடாகக் கொள்வார் ஒருவரும் அங்கில்லை என்பதும் தெரிந்தன. கையிற் பொருளின்றி அந்நிய நகரில் அச்சுக்கூலியாக ஏறக்குறைய ஒன்றரை ஆண்டைக் கழித்தார். ஆயினும் கீத்தை அவர் பிற்காலத்தில் தூற்றவில்லை. எல்லோரையும் மகிழ்விக்க விரும்பியும் கொடுக்க ஒன்றுமில்லாமையால், ஆசை வார்த்தையையே கொடுத்த மனிதர் என்று கணித்து அமைந்தார். தமக்குத் தீங்கிழைத்தவரின் இயல்பைச் சினமின்றி எடைபோடுதல் அரிய கல்வியன்றோ!

1726-இல் பிலடெல்பியாவிற்குத் திரும்பியவர், மறு ஆண்டில் ஜண்டோ என்னும் சிறு சங்கத்தை நிறுவினார். அதில் இருந்தோர் பெரும்பாலும் கைத்தொழிலாளரும் குமாஸ்தாக்களும். எண்ணிக்கை பன்னிருவருக்கு மிகாது. வெள்ளிக்கிழமைதோறும் மாலையிற் கூடுவர். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கப்படும் வினாக்கள் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. நீர் கடைசியாகப் படித்த நூலில் எங்களுக்குச் சொல்லத்தக்கது யாது என்பது முதல் வினா. அண்மையில் நகரத்தில் எவரேனும் தொழிலில் நொடித்துப்போனாரா, காரணம் என்ன. எவரேனும் செழித்தாரா, எவ்வழியால் என்பன போன்றவை அதனை அடுத்து வருவன. நூலைப் படித்தலும் ஊரைப் படித்தலும் ஒரே மாலையில் நிகழும்படி அவர் அமைத்த திறம் பாராட்டத்தக்கது. பிறர் கூற்றை முகத்திலடித்தாற்போல் மறுப்பவர்க்குச் சிறு அபராதமும் உண்டு.

1731-ஆம் ஆண்டு மே மாதத்தில், சரித்திர நூல்களைப் படித்துக்கொண்டிருந்தபோது தம் மனத்திற் பட்டவற்றை ஒரு சிறு தாளிற் குறித்துவைத்தார். அத்தாள் தற்செயலாகத் தப்பிற்று. அதன் சாரம் இது. உலகத்தின் பெருங்காரியங்களெல்லாம் கட்சிகளால் நடத்தப்படுகின்றன. கட்சிக்குப் பொதுநோக்கம் ஒன்று உண்டு. அதனோடு, கட்சியிலுள்ள ஒவ்வொருவருக்கும் தம் சொந்த நோக்கமும் உண்டு. பொதுநோக்கம் கைகூடும்வரை யாவரும் ஒன்றுபட்டு நிற்பர். கைகூடிய மறுகணமே ஒவ்வொருவரும் தம் தம் நோக்கத்தை நாடுவர். அதனாற் கட்சி பிளவுபடும். நாட்டின் நலம் ஒன்றையே கருதி உழைப்போர் மிகச் சிலர். சங்கம் நடத்திப் பழகியவர்க்கு இக்குறிப்பை விளக்கவேண்டுவதில்லை. 25 வயது இளைஞர் ஒருவர் தினம் சில பக்கங்களைப் படித்தே இதனைக் கண்டுகொண்டார் என்பதுதான் வியப்பு. இதனைக் கண்டபின் அவர் மனிதரை வெறுத்து ஒதுங்கவில்லை; ஏமாற்றிப் பிழைக்கவும் துணியவில்லை. மனிதர் இத்தன்மையரே எனின், இத்தன்மையரைக் கொண்டே பொதுநன்மையை எவ்வாறு முடிப்பது என்னும் வினாவையே எழுப்பினார். அவருடைய பிற்காலச் செயல்கள் அவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சிகளே.

முதல் விடை அவ்வாண்டிலேயே கிடைத்தது. நூல்கள் தனித்தனியே வாங்க இயலாத நடுத்தர மக்கள் ஒன்றுகூடி வாங்கிப் படிக்கும்படி ஒரு புத்தகசாலையை நிறுவ முயன்றார். 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் முதலிலும், பின் ஆண்டுதோறும் 10 ஷில்லிங்கும் தருவது திட்டம். வீடு வீடாகச் சென்று கேட்டபோது ஒன்றைக் கவனித்தார்: இது என் யோசனை என்று சொன்னால், இவன் தன்னை உயர்த்திக்கொள்ளப் பார்க்கிறான் என்று அண்டை அயலார் தயங்குகின்றனர். ஆகவே தம் பெயரை மறைத்து, படிப்பில் விருப்பமுள்ள நண்பர் சிலரின் வேண்டுகோள் இது, யான் அவர்கள் ஏவலாளன் என்று சொல்லத் தொடங்கினார். காரியம் எளிதில் முடிந்தது. புகழை இன்று விட்டுக்கொடுத்தால் அது நாளை வட்டியோடு திரும்பி வரும் என்பதை இவ்வனுபவத்தாற் கண்டு, பின்னும் பல பொதுக்காரியங்களில் இதே வழியைக் கைக்கொண்டார்.

அப்புத்தகசாலையே இவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நாள்தோறும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தை அதற்கென ஒதுக்கினார். கள்ளுக்கடை, சூதாட்டம், வீண் களியாட்டம் ஆகியவற்றில் அந்நேரம் செல்லவில்லை. காலை 5 மணிக்கு எழுந்து, இன்று என்ன நன்மை செய்வேன் என்று வினவுவதும், நண்பகலிற் படிப்பதும் கணக்குப் பார்ப்பதும், இரவில் என்ன நன்மை செய்தேன் என்று வினவுவதும் அவர் வகுத்துக்கொண்ட தினசரி ஒழுக்கம். 13 நற்குணங்களை ஒரு சிறு ஏட்டில் எழுதி, வாரத்திற்கு ஒன்றாக எடுத்துப் பயின்று, தவறிய இடத்திற் கரும்புள்ளி இட்டுவந்தார். பட்டியலில் முதலிற் பன்னிரண்டே இருந்தன. உம்மிடம் செருக்கு உண்டென்று ஊரார் கருதுகின்றனர் என நண்பர் ஒருவர் அன்போடு எடுத்துக்காட்டவே, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். அதனை உண்மையாக அடைந்தேனென்று பெருமை கொள்ள இயலாது, தோற்றத்தளவில் அடைந்தேன் என்று அவரே தம் சரிதத்தில் ஒப்புக்கொள்கின்றார். பிறர் மனத்தை அளந்த கோலால் தம் மனத்தையும் அளந்தமையே இவரைச் சூதறிந்தோர் கூட்டத்தினின்றும் பிரித்துக் காட்டுவது.

1733-இல் அயல்மொழிகளைக் கற்கத் தொடங்கினார். இத்தாலிய மொழி பயிலும் நண்பர் ஒருவர் சதுரங்கம் ஆடுவதற்கு அடிக்கடி அழைத்தார். ஆட்டம் படிப்பை விழுங்குவதைக் கண்ட பிராங்க்ளின் ஒரு நிபந்தனை விதித்தார்: வென்றவர் தோற்றவருக்கு ஓர் இலக்கணப் பகுதியையோ மொழிபெயர்ப்பையோ பாடமாகக் கொடுக்கவேண்டும், அடுத்த சந்திப்பிற்குள் அது முடியவேண்டும். இருவரும் ஆட்டத்தில் ஏறக்குறையச் சமவலிமையர். ஆகவே ஒருவரையொருவர் தோற்கடித்தே இருவரும் இத்தாலியம் கற்றனர். சதுரங்கத்தைப் பற்றியும் இவர் எழுதிய கட்டுரை ஒன்று 1786-இல் அச்சாயிற்று. வருவதை முன்னறிதல், களம் முழுவதையும் சுற்றி நோக்குதல், அவசரமின்றிக் காய் நகர்த்துதல், நிலைமை கெட்டபோதும் நம்பிக்கை இழவாமை என்பவை அவ்வாட்டம் கற்பிக்கும் குணங்கள் என்று அதில் விளக்கினார்.

புத்தகமே உபாயமாகப் பயன்பட்ட நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1736-இல் பென்சில்வேனியாச் சட்டசபையின் எழுத்தராக இவர் தெரிந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டில் செல்வமும் கல்வியும் உடைய புதிய அங்கத்தினர் ஒருவர் இவரை எதிர்த்து நீண்ட பிரசங்கம் செய்தார். பிராங்க்ளின் அவரைப் பணிந்து நிற்கவுமில்லை, பகைத்துப் பேசவுமில்லை. அவரிடம் ஓர் அரிய நூல் இருப்பதைக் கேள்வியுற்று, சில நாள் இரவல் தரும்படி வேண்டிக் கடிதம் எழுதினார். நூல் உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றிக் கடிதத்தோடு திருப்பினார். அதன்பின் அவ்வங்கத்தினர் தாமே வந்து பேசினார். அந்நட்பு அவர் இறக்கும்வரை நீடித்தது. நாம் ஒருவருக்குச் செய்த உதவியினால் அவர் நம்மை நேசிப்பதைக் காட்டிலும், அவர் நமக்குச் செய்த உதவியினால் நம்மை நேசிப்பது மிகுதி என்னும் மனித சுபாவ நுட்பத்தை இங்கே காண்கின்றோம்.

1751-இல் நண்பர் தாமஸ் பாண்ட் பிலடெல்பியாவில் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை அமைக்க முயன்றபோது, பொருள் சேரவில்லை, சட்டசபையும் தயங்கிற்று. பிராங்க்ளின் ஒரு சட்டத்தை வரைந்தார்: குடிமக்கள் 2,000 பவுன் சேர்த்துக் காட்டினால் சட்டசபையும் 2,000 பவுன் தரவேண்டும். அத்தொகை ஒருகாலும் சேராது என்று எண்ணிய எதிர்ப்பாளர், செலவில்லாமல் தருமவான் என்னும் பெயர் கிடைக்கிறதே என்று இசைந்தனர். குடிமக்களோ தாம் கொடுக்கும் ஒவ்வொரு பவுனும் இரண்டாகப் பெருகும் என்று கண்டு மனமுவந்து கொடுத்தனர். தொகை விரைவிற் சேர்ந்தது, வைத்தியசாலை எழுந்தது. 1731-ஆம் ஆண்டுத் தாளில் எழுதிய தன்னல ஆராய்ச்சி இருபது ஆண்டு கழித்து நோயாளிகளுக்குக் கட்டிலாயிற்று.

தாம் பெற்ற பயனைப் பிறருக்கும் அளிக்க அவர் கண்ட வழி பஞ்சாங்கம். 1732-ஆம் ஆண்டின் இறுதியில் ரிச்சர்டு சாண்டர்ஸ் என்னும் புனைபெயரில், மறு ஆண்டிற்கான பஞ்சாங்கத்தை வெளியிட்டார்; ஏறக்குறைய 25 ஆண்டுகள் அது தொடர்ந்து வந்தது; ஆண்டுதோறும் பதினாயிரம் பிரதிகள் அளவில் விற்பனையாயிற்று. வேறு நூல் வாங்காத குடியானவர் வீட்டிலும் பஞ்சாங்கம் இருக்கும் என்பதை அறிந்து, முக்கியமான நாட்களுக்கு இடையே கிடந்த சிறு வெற்றிடங்களிலெல்லாம் உழைப்பு, சிக்கனம், மனிதர் போக்கு ஆகியவை பற்றிய பழமொழிகளை நிரப்பினார். இவற்றுட் பல அவர் பல தேசத்து நூல்களினின்றும் எடுத்துச் சுருக்கிச் செதுக்கியவை. 1758-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் முகவுரையில் இவற்றிற் பலவற்றைத் திரட்டி, ஏலக்கடை வாயிலில் காத்திருக்கும் ஜனங்களுக்கு ஒரு கிழவர் உபதேசம் செய்வதாகக் கதை அமைத்தார். அக்கதையின் முடிவே நாம் குறித்து நோக்கத்தக்கது. ஜனங்கள் கிழவரின் சொற்களை மெச்சிக் கேட்டனர். ஏலம் தொடங்கியதும் அவர் சொன்னதற்கு நேர்மாறாக வேண்டாத பொருள்களையெல்லாம் வாங்கிக் குவித்தனர்! சிறு வாசகம் எத்துணைச் சிறந்ததாயினும் கேட்டுத் தலையசைப்பதோடு நின்றால் பயனில்லை என்பதை, அவ்வாசகங்களை விற்றுப் பொருள் ஈட்டியவரே நகைத்துக் கூறியது அவர் நேர்மையைக் காட்டும்.

அரசியலில் இக்கல்வி பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1774-ஆம் ஆண்டு ஜனவரியில், லண்டனில் அரசரின் ஆலோசனைச் சபைமுன் இவர் நிறுத்தப்பட்டு, ஏறக்குறைய ஒரு மணிநேரம் வெடர்பர்ன் என்னும் அரசாங்க வழக்கறிஞரால் இகழப்பட்டார். கூடியிருந்த பிரபுக்கள் நகைத்தனர். 68 வயதான பிராங்க்ளின் முகத்தில் ஒரு குறிப்பும் தோன்றாமல் அசையாது நின்றார். 1776-ஆம் ஆண்டு டிசம்பரிற் பிரான்ஸ் தேசத்திற்குத் தூதராக வந்தபோது, பொய்ம்முடியும் பட்டாடையும் அணிந்த பிரபுக்களிடையே, மென்மயிர்க் குல்லாயும் எளிய உடையுமாகத் தோன்றினார். பாரிஸ் நகரம் அவ்வெளிமையில் மயங்கிற்று. 1777-இல் சாரடோகா என்னுமிடத்தில் ஆங்கிலப் படை தோற்ற செய்தி வந்தபின், சமாதானம் பேசவந்த ஆங்கில ஒற்றர் ஒருவரை மறு ஆண்டு ஜனவரியிற் சந்தித்தார்; அச்சந்திப்பு பிரெஞ்சு மந்திரியின் காதிற்கு எட்டுவதைத் தடுத்திலர். அமெரிக்கர் கை நழுவிப் போவரோ என்று பிரெஞ்சுக்காரர் விரைந்தனர். 1778 பிப்ரவரி 6-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சபைமுன் இகழப்பட்ட நாளில் அணிந்திருந்த உடையையே அன்று அவர் அணிந்து வந்தார் என்பர்.

ஆயினும் மனித சுபாவம் முழுவதையும் அவர் கற்றுத் தேர்ந்துவிட்டார் என்று எழுதினால் உண்மைக்கு மாறாகும். பாரிஸ் நகரில் அவருக்கு அணுக்கராயிருந்து தூதரகத்தின் அந்தரங்கங்களையெல்லாம் அறிந்த எட்வர்டு பான்கிராப்டு என்பவர் ஆங்கில அரசின் கூலி பெற்ற ஒற்றர். இவ்வுண்மை 1889-இற் பழைய காகிதங்கள் வெளிவந்தபோதுதான் உலகிற்குத் தெரிந்தது. சொந்த மகன் வில்லியமின் மனமும் கைவிட்டுப்போயிற்று. நியூ ஜெர்சியின் கவர்னராயிருந்த வில்லியம், போர் மூண்டபோது அரசர் பக்கமே நின்றார், சிறைப்பட்டார். 1784-இல் மகன் சமாதானம் வேண்டி எழுதினார்; மறு ஆண்டில் இங்கிலாந்தின் ஸௌதாம்டன் துறைமுகத்தில் இருவரும் சில நாள் சந்தித்தனர்; கணக்குத் தீர்ந்தது, மனம் சேரவில்லை. பகைத்த அங்கத்தினரை ஒரு புத்தகத்தால் நண்பராக்கியவர், மகனை மன்னிக்கும் உபாயத்தைக் காணவில்லை. 1771-இல் அவர் தம் சரிதத்தை எழுதத் தொடங்கியது அம்மகனுக்குக் கடிதமாகவே என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் நோகின்றது.

இன்னுமொரு குறையையும் மறைத்தல் தகாது. இவர் நெடுங்காலம் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்கள் இவர் பத்திரிகையில் வெளிவந்தன. 1763-இல் பிலடெல்பியாவில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியைச் சென்று பார்த்தபோது, அவர்கள் கற்கும் திறத்தில் எவர்க்கும் குறைந்தவரல்லர் என்பதைக் கண்டு தம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னர், அடிமை முறையை ஒழிக்கும்படி அமெரிக்க காங்கிரஸுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அவ்விண்ணப்பம் அன்று பயன் தரவில்லை. ஆயினும் பிறப்பினால் மனிதரை அளக்கும் அளவுகோல் பொய் என்பதை எண்பது கடந்தபின்னும் ஊரறிய ஒப்பிய மனம், படிப்பினாற் பண்பட்ட மனமே.

1787-இல் அரசியற் சட்டம் வகுத்த மகாசபையில் 81 வயதுக் கிழவராக அமர்ந்தார். நான்கு மாத வாதத்தால் அங்கத்தினர் மனங்கசந்திருந்த இறுதி நாளில், அவர் எழுதிக் கொணர்ந்த உரையை நண்பர் ஒருவர் படித்தார். இச்சட்டத்திற் சில பகுதிகள் தமக்கும் உடன்பாடல்ல என்றும், தம் கருத்தே பிழையாயிருக்கலாம் என்று முதுமை கற்பித்ததனால் இசைகின்றேன் என்றும், மற்றவரும் அவ்வாறே தம் அறிவின்மீது சிறிது ஐயம் கொண்டு இசைக என்றும் அவ்வுரை வேண்டிற்று. பதினாறாம் வயதில் ஓர் இலக்கண நூலின் கடைசிப் பக்கங்களிற் கண்ட பணிவு மொழி, ஒரு தேசத்தின் அடித்தளத்திற்குச் சுண்ணமாக உதவிற்று. 1790 ஏப்ரல் 17-ஆம் நாள், 84-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் பெயரால் மாஸசூஸெட்ஸ் நாட்டில் அமைந்த ஓர் ஊரார், தங்கள் கோயிலுக்கு மணி ஒன்று வேண்டுமென்று அவரைக் கேட்டனர். அவர் மணிக்குப் பதிலாக நூல்களைத் தேர்ந்து வாங்குவித்தனுப்பினார், அவை 116. அந்நூல்கள் இன்றும் அவ்வூர்ப் புத்தகசாலையில் இருக்கின்றன. ஓசையைக் காட்டிலும் பொருளை அவர் மதித்த தன்மைக்கு இது சான்று.

நம் இளைஞருக்கு நாம் சொல்லக்கூடியது மிகுதியன்று. பிராங்க்ளின் படித்தவை வானத்திலிருந்து விழுந்த நூல்கள் அல்ல. சரிதங்கள், சரித்திரங்கள், சிறு கட்டுரைகள். அத்தகைய நூல்கள் நம் தமிழிலும் உள. நீதி நூல்களோ ஒரு செய்யுள் ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லத்தக்க அளவிலே முன்னோரால் வகுக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் ஒரு பகுதியைப் படிக்க. அதனை இரண்டொரு சொல்லிற் குறிக்க. அன்று சந்திக்கும் மனிதரிடத்தும், அவரினும் முன்னே தம்மிடத்தும், அது மெய்யா என்று சோதிக்க. வாரம் ஒருமுறை நான்கு நண்பர் கூடிக் கண்டதைப் பேசுக. சங்கத்துக் காரியங்களில் பெயர் யாருக்கு, மாலை யாருக்கு என்ற பிணக்கு எழும்போதெல்லாம், தம் பெயரை மறைத்துப் புத்தகசாலை கண்ட அச்சுத் தொழிலாளியை நினைவு கூர்க. பிறர் இயல்பை அறிந்த அறிவு அவர்களை வெல்லும் வாளாகாமல், அவர்களோடு கூடி வாழும் வழியாக நம்மனைவருக்கும் அமைவதாக.